விரல் வைத்த மணித்தியாலமெல்லாம் எங்கே போனது?

நான் தாதியாக வேலை செய்த ஆஸ்பத்திரியில் சேவைக் கடிதம் கேட்டால், மணித்தியாலக் கணக்கை அதில் எழுத மாட்டார்களாம். அந்த வழக்கம் இல்லையாம். வருடக்கணக்காக இரவும் பகலும் நிற்க வைத்து வேலை வாங்கிய இடத்துக்கு, நான் எத்தனை மணித்தியாலம் நின்றேன் என்று ஒரேயொரு வரி எழுதித் தர மனம் வரவில்லை. மத்தியானம் அந்தக் கந்தோரை விட்டு வெளியே வந்தபோது ஏறிய கொதி இன்னும் அடங்கவில்லை. இதை யாரிடமாவது கொட்டித்தான் ஆக வேண்டும்.

என்னைப் போல இங்கிலாந்துப் பதிவு விட்டுப்போய், பெயரைத் திரும்பச் சேர்க்க அலைந்த தாதிமாருக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. நீங்களும் இப்படி ஒரு மேசைக்கு முன்னால் பைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றிருப்பீர்கள். "நாளைக்கு வாங்கோ மிஸ்" என்று உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள்.

நான் கேட்டது பெரிய விஷயமே இல்லை. இங்கிலாந்தில் தாதிமாரைப் பதியும் சபையான என்.எம்.சி.யின் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டுமென்றால் மூன்று வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். 2016 ஏப்ரலில் இருந்து அது ரீவலிடேஷன் என்ற முறையில் நடக்கிறது. அந்த மூன்று வருடத்தில் 450 மணித்தியாலம் தாதியாக வேலை செய்திருக்க வேண்டும். 35 மணித்தியாலம் தொழில் சார்ந்து படித்திருக்க வேண்டும். நம் வேலையைப் பற்றி மற்றவர்கள் சொன்ன ஐந்து கருத்து, நாமே யோசித்து எழுதிய ஐந்து குறிப்பு, இன்னொரு தாதியோடு உட்கார்ந்து அதைப் பேசியதற்கான ஒப்பம் என்று பட்டியல் நீளும். பெயர் விட்டுப்போன பிறகு திரும்பச் சேர விண்ணப்பித்தாலும் முதலில் வந்து நிற்பது வேலை செய்த அந்த மணித்தியாலக் கணக்குத்தான்.

இந்த விதியில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. நியாயமான விதி. மருந்தின் அளவைக் கணக்குப் பார்ப்பதும், நோயாளியின் மூச்சு மாறும்போதே கண்டுபிடிப்பதும் தினமும் செய்தால்தான் கையில் நிற்கும். பத்து வருடம் வார்ட்டை எட்டிப் பார்க்காத ஒருவர் என் அம்மாவுக்கு ஊசி போட வந்தால் நானே விட மாட்டேன்.

ஆனால் நான் வேலையில் இருந்தேனே! இங்கேயும் முறையாகப் பதிந்து, இதே கொழும்பில், ஒரு தனியார் ஆஸ்பத்திரி வார்ட்டில் இருந்தேன். பன்னிரண்டு மணித்தியால டியூட்டி என்றால் 450 மணித்தியாலத்துக்கு நாற்பது டியூட்டி கூடத் தேவையில்லை. அந்தக் கணக்கை நான் மூன்று மாதத்துக்குள் முடித்திருப்பேன். அதற்கு மேல் செய்ததெல்லாம் எத்தனையோ மடங்கு. 2021 ஆகஸ்டில் டெல்டா வந்தபோது, மூச்சு விட முடியாத உடுப்புக்குள் வியர்வையோடு நின்று, கட்டில் கிடைக்காமல் நடைபாதையில் கதிரையில் இருந்தவர்களுக்கு ஒட்சிசன் வைத்த மணித்தியாலமும் அதற்குள்தான் இருக்கிறது. அதை இல்லை என்று சொல்ல யாருக்கு உரிமை?

பிறகு ஏன் பதிவை விட்டாய் என்று கேட்பவர்கள் 2022ஐ மறந்துவிட்டார்கள். லண்டனில் இருந்த வங்கிக் கணக்கை அப்பா போன பிறகு இங்கே வரும்போதே மூடிவிட்டேன். புதுப்பிக்கும் காலம் வந்தபோது நாட்டில் டொலரும் இல்லை, பவுணும் இல்லை. வருடக் கட்டணம் அப்போது 120 பவுண். அந்த வருடத் தொடக்கத்தில் 270 ரூபாய்க்குக் கிட்ட இருந்த ஒரு பவுண் சில மாதத்தில் 440ஐத் தாண்டிவிட்டது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. அம்மாவின் இன்சுலினைக் கெடாமல் எங்கே வைப்பது என்று பக்கத்து வீடுகளில் ஐஸ் தேடிக்கொண்டிருந்தேன். இன்சுலினைத் தேடுவதே ஒரு வேலையாக இருந்தது. அந்த நேரம் கையில் இருந்த காசை மருந்துக்குக் கொடுத்தேன். பதிவு போனது. இன்றைக்கும் அதே நிலைமை வந்தால் அதையேதான் செய்வேன். இதற்காக ஒருத்தரும் என்னைக் குற்றவாளி மாதிரிப் பார்க்கத் தேவையில்லை.

சரி, கடிதத்துக்கு வருகிறேன்.

அந்த ஆஸ்பத்திரியில் ஊழியர்கள் போகும் பின்வாசலில் சுவரோடு ஒரு விரலடையாள மெஷின் இருந்தது. உள்ளே போகும்போதும் விரல், வெளியே வரும்போதும் விரல். தாதிமாரின் விரலை அது சுலபத்தில் ஏற்காது. நாள் முழுக்கக் கை கழுவி, அல்ககோல் தேய்த்துத் தேய்த்து, விரல் நுனியில் ரேகையே மழுங்கிப்போயிருக்கும். சிவப்பு லைட் எரியும். திரும்ப வைப்போம். திரும்பச் சிவப்பு. சாறி முந்தானையில் துடைத்துவிட்டு வைப்பாள் ஒருத்தி, வாயால் ஊதிவிட்டு வைப்பாள் இன்னொருத்தி. பின்னால் வரிசை நீளும். பச்சை எரிவதற்குள் ஏழு மணி தாண்டிவிடும். மாதக் கடைசியில் சம்பளச் சிட்டையைப் பார்த்தால் ஏழு நிமிடம் லேட் என்று போட்டுக் காசை வெட்டியிருப்பார்கள். ஏழு நிமிடம்! மெஷின் என் விரலைப் பிடிக்காத நிமிடத்துக்கும் என்னிடமிருந்துதான் காசு போனது. ஆனால் பகல் டியூட்டி ஏழு மணிக்கு முடிந்த பிறகு, மாற்றுக்கு ஆள் வரும்வரை எட்டு, எட்டரை வரை நின்றதற்கு மேட்ரனிடம் தனிப் படிவம் நிரப்பி, கையொப்பம் வாங்கி, அந்தக் காசையும் கெஞ்சித்தான் எடுக்க வேண்டும்.

நிமிடம் நிமிடமாக எண்ணிக் காசை வெட்டத் தெரிந்த அதே இடத்துக்குத்தான் இப்போது மணித்தியாலம் எண்ணத் தெரியவில்லை.

இன்றைக்கு நடந்ததைக் கேளுங்கள். எச்.ஆர். பிரிவில் அந்தத் தம்பி கடிதத்தை நீட்டினார். கடிதத்தலைப்பு பளபளவென்று இருக்கிறது. உள்ளே மூன்று வரி. இன்ன திகதி முதல் இன்ன திகதி வரை இவர் இங்கே வேலை செய்தார், நடத்தை திருப்தி, எதிர்காலத்துக்கு வாழ்த்துகள். அவ்வளவுதான். சேர்ந்த வருடம் வேறு பிழை. 2019க்குப் பதிலாக 2020 என்று அடித்திருக்கிறார்கள். ஒரு முழு வருடத்தைக் காணவில்லை.

"தம்பி, மணித்தியாலம் போடேல்லையே. நான் எழுத்தில கேட்டனான்."

"மிஸ், நாங்கள் எல்லாருக்கும் குடுக்கிற கடிதம் இதுதான். போமட்டில மணித்தியாலம் இல்லை."

"போமட்டை நீங்கள்தானே செய்தது? ஒரு வரி கூட்டினால் சரி."

"அதுக்கு பேரோலில இருந்து கணக்கு வரவேணும் மிஸ்."

கீழே போனேன். சம்பளக் கணக்குப் பார்க்கும் பேரோல் பிரிவில் இருந்த பிள்ளை தலையை நிமிர்த்தவே இல்லை. "ஆள் விலகினால் சிஸ்டத்தில பேரை எடுத்திடுவம். எச்.ஆர். எழுத்தில கேட்டால்தான் பழைய பைல் பாக்கலாம்." மேலே வந்தேன். "நாங்கள் கேக்கிறதெண்டால் மனேஜர் சேர் சைன் வைக்கவேணும்." சேர் எங்கே? மீட்டிங்கில். எப்போது முடியும்? தெரியாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சேர் போனில் சிரித்துக் கதைத்துக்கொண்டிருப்பது எனக்கு வடிவாகத் தெரிகிறது. அந்தத் தம்பிக்கும் தெரிகிறது. நான் பார்க்கிறேன் என்பதும் அவருக்குத் தெரியும். அவர் ஸ்டேப்ளரை எடுத்து மேசையின் அடுத்த பக்கம் வைத்தார். அதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை.

நான் பைலைத் திறந்து சம்பளச் சிட்டைகளை எடுத்து அடுக்கினேன். ஒன்றைக்கூட நான் எறியவில்லை. வேலை செய்த நாள், மேலதிக நேரம், லேட் எல்லாம் அவர்களுடைய மெஷின் கொடுத்த கணக்கு, அவர்களே அச்சடித்த தாள். "இதைப் பார்த்துக் கூட்டிப் போடுங்கோ, கணக்கை நானே கூட்டித் தாறன், நீங்கள் சரி பாத்திட்டு சீல் குத்தினால் போதும்" என்றேன். அவர் ஒரு சிட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகுதான் உண்மை வெளியே வந்தது.

"மிஸ், இது வெளிநாட்டுக்குத்தானே? வெளிநாட்டுக்குப் போறவைக்கு டீடெயிலா லெட்டர் குடுக்க வேண்டாமெண்டு மேல சொல்லியிருக்கினம். குடுத்தால் எல்லாரும் வந்து நிப்பினம்."

அதுதான் விஷயம். போமட்டும் இல்லை, சிஸ்டமும் இல்லை. வார்ட்டில் ஆள் காணாது, இருக்கிறவர்களும் போய்விடுவார்கள் என்ற பயம். அந்தப் பயம் எனக்கும் விளங்குகிறது. ஒரு வார்ட்டில் நான்கு பேர் செய்ய வேண்டியதை இரண்டு பேர் செய்த இரவுகளில் நானும் நின்றிருக்கிறேன். அப்படியென்றால் நிற்கிறவளுக்கு ஒழுங்கான சம்பளத்தைக் கொடுங்கள். மாற்று ஆள் வைத்து நேரத்துக்கு வீட்டுக்கு அனுப்புங்கள். அதையெல்லாம் செய்யாமல் அவள் உழைத்த கணக்கைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆளை நிறுத்தப் பார்ப்பது என்ன நியாயம்? நான் அங்கேயிருந்து விலகி மாதக்கணக்காகிறது. என்னை இனி யாரும் அந்த வார்ட்டில் நிறுத்த முடியாது. ஆனாலும் கடிதம் இல்லை.

2022இல் இந்த நாட்டு அரசாங்கமே சுற்றறிக்கை விட்டது, அரச ஊழியர்கள் ஐந்து வருடம் வரை சம்பளமில்லா விடுமுறையில் வெளிநாடு போகலாம் என்று. போங்கோ, உழைச்சு டொலர் அனுப்புங்கோ என்று நாடே கும்பிட்டது. அந்த டொலரில் வந்த மருந்து எல்லாருக்கும் வேண்டும். அதை உழைக்கப் போகிறவளுக்கு ஒரு வரி எழுதித் தர மட்டும் ஆளில்லை.

மற்ற வழி இல்லையா என்றால் இருக்கிறது. மணித்தியாலத்தைக் காட்ட முடியாதவர்கள் அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் திரும்பத் தொழிலுக்கு வரும் பயிற்சி நெறி படிக்கலாம். இல்லையென்றால் தகுதித் தேர்வு எழுதலாம். அதில் முதற்பகுதி கணினியில். இரண்டாவது ஓஸ்கி என்ற செய்முறைத் தேர்வு, அதை இங்கிலாந்துக்குப் போய்த்தான் செய்ய வேண்டும். 2021இல் மாறிய முறைப்படி பத்து நிலையம். நோயாளியை மதிப்பிட்டு, திட்டம் போட்டு, செய்து காட்டி, அடுத்தவரிடம் ஒப்படைப்பது வரை எல்லாம் வரும். தேர்வுக்குப் பயமில்லை. பயணச் செலவு, தங்கும் செலவு, பல நூறு பவுண் கட்டணம் என்று பார்த்தால் என் அக்கா வீட்டு நகையையும் சேர்த்து அடகு வைக்க வேண்டும். உண்மையாகவே தொழிலை விட்டு நீண்ட காலம் இருந்தவர்களுக்காக வைத்த வழி அது. அவர்களுக்கு அது வேண்டும். போன வருடம் வரை நோயாளியின் நரம்பில் கனியூலா போட்டுக்கொண்டிருந்த நான், ஒரு மனேஜர் போனை வைக்காத காரணத்துக்காக அந்த வழியால் போக வேண்டுமா?

கொரோனா வந்த 2020இல் அதே இங்கிலாந்தில் பதிவு விட்டுப்போனவர்களைத் தேடிப் பிடித்து, தாற்காலிகப் பதிவேடு திறந்து, திரும்ப வாங்கோ என்று கூப்பிட்டார்கள். என்னோடு படித்த ஒருத்தி அப்படித்தான் போனாள். அவசரம் என்றால் இந்தக் கைகளின் அருமை எல்லாருக்கும் தெரிகிறது.

கடைசியில் அந்தத் தம்பி சொன்னார், "மிஸ், ஒரு ஈமெயில் போட்டு விடுங்கோ, பாப்பம்." ஈமெயில் போட்டது, பதிவுத் தபால் போட்டது எல்லாம் அந்த மேசையிலேயே ஒரு கட்டாகக் கிடக்கிறது. மேல் தாளில் என் கையெழுத்துத் தெரிகிறது! அதைக் காட்டினேன். "ஓ, இது உங்கட தானா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகைக்குப் பதிலாக வந்த சிரிப்பு. அவரும் சிரித்தார். பாவம், அவருக்கும் அந்த மெஷின் லேட் வெட்டுகிறதாம்.

சிட்டைகளின் கணக்கை நானே கூட்டி, ஒவ்வொரு மாதமாக எழுதி, புதுக்கடையில் சத்தியக்கடதாசி முடித்து, தொழில் திணைக்களத்துக்கும் ஒரு முறைப்பாடு கொடுக்கத்தான் போகிறேன். நான் உழைத்த மணித்தியாலத்தை நான் விடப்போவதில்லை. உங்களில் யாராவது இப்போது வேலையில் இருந்தால் இன்றைக்கே ரோஸ்டரைப் படம் எடுத்து வையுங்கள். சிட்டையை எறியாதீர்கள். விலக முன்னமே மணித்தியாலம் போட்ட கடிதத்தைக் கையில் வாங்குங்கள். விலகிய பிறகு உங்களை ஒருத்தருக்கும் தெரியாது.

இவ்வளவும் பட்டு வெள்ளவத்தைக்கு வந்து இறங்கினால் எங்கள் பிளட்ஸில் லிப்ட் திரும்பவும் வேலை செய்யவில்லை. அம்மாவுக்கு நாளைக்குக் கிளினிக். முழங்கால் வருத்தத்தோடு ஏழு மாடியை அவர் எப்படி இறங்குவார், எப்படி ஏறுவார்? கேட்டால் பார்ட்ஸ் வரவில்லையாம். பார்ட்ஸுக்கு என்று எங்களிடம் மேலதிகமாக வாங்கிய காசு எங்கே? முதலாம் திகதி பராமரிப்புக் காசுக்குக் கதவைத் தட்ட மட்டும் பிளட்ஸைப் பார்க்கிற மனுசனுக்கு ஏழு மாடியும் நடந்து ஏற முடிகிறது.