ஏற்காடு போய்வந்தால் டீம் ஆகிவிடுமா?

இதைப் பற்றி எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன். ஒரு நோயாளிக்கு ஏற்கெனவே போட்ட இன்சுலினை மறுபடியும் போட்டுவிட்டாள் என்று மெமோ வாங்கிய ஓர் இளம் நர்ஸைப் பற்றிய அந்த ஆடியோ ஊரெல்லாம் சுற்றிவிட்டு எங்கள் நர்சிங் காலேஜ் பேட்ச் குரூப்புக்கும் வந்த பிறகு இருக்க முடியவில்லை. "அந்தப் பொண்ணுக்கு டீமா வேலை செய்யத் தெரியலைங்க" என்று ஒருவர் நிதானமாக, அக்கறையாகச் சொல்கிறார். கேட்டவர்களுக்கு யார், எங்கே என்று தெரியும். கேட்காதவர்கள் தேடிப்போய்க் கேட்க வேண்டாம், அதில் ஒரு சின்னப் பெண்ணின் பெயர் வருகிறது. ஆஸ்பத்திரியின் பெயரை நான் எழுதப் போவதில்லை. கமென்டிலும் யாரும் எழுதாதீர்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். டியூட்டி முடித்துப் போகிறவர், எதை முடித்தேன், எதை முடிக்கவில்லை என்று வருகிறவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். வருகிறவர் அதை நின்று கேட்டு வாங்க வேண்டும். அப்படி நின்று பேச நிர்வாகம் நேரம் கொடுக்க வேண்டும். வார்டில் டீம் வொர்க் என்று ஒன்று இருந்தால் அது இதுதான். மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

அன்றைக்கு என்ன நடந்தது? ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டிய இன்சுலினை ஈவினிங் டியூட்டி சிஸ்டர் அந்தப் பெரியவருக்குப் போட்டுவிட்டார். சார்ட்டில் கையெழுத்துப் போடுவதற்குள் கீழே எமர்ஜென்சியிலிருந்து புது கேஸ் வந்துவிட்டது. கட்டம் காலியாகவே இருந்தது. எட்டு மணிக்கு நைட் டியூட்டி வந்த பெண், காலியான கட்டத்தைப் பார்த்தாள். போட்டாச்சா, போடலையா?

"அவள் கேட்டிருக்க வேண்டாமா?" என்று எல்லோரும் கேட்கிறீர்கள். கேட்டாள். ஐயாவிடம் கேட்டாள், அவருக்கு நினைவில்லை, பகலெல்லாம் எத்தனையோ ஊசி. கூட இருந்த மருமகளிடம் கேட்டாள், "நான் இப்பத்தானுங்க வந்தேன், என் வீட்டுக்காரர் டிபன் வாங்கப் போயிட்டார்" என்றார். சீனியருக்குப் போன் போட்டாள். அவர் வாழப்பாடி பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறார், எடுக்கவில்லை. டியூட்டி டாக்டரிடம் கேட்டாள். "சார்ட்ல இல்லைன்னா போடாததுதானே, போடுங்க" என்றார். போட்டாள். இதில் எந்த இடத்தில் அவள் டீமை விட்டு விலகிப் போனாள் என்று அந்த ஆடியோக்காரர்தான் சொல்ல வேண்டும்.

போடும் முன் இன்னொரு தடவை சுகர் பார்த்திருக்கலாம் என்று என் தோழி ஒருத்தி எழுதியிருந்தாள். பார்த்திருக்கலாம்தான். சாயங்காலம் பார்த்த ரீடிங் 240 என்று எழுதியிருந்தது, அதை நம்பினாள். இரண்டே சிஸ்டர், 22 படுக்கை. அதில் ஒரு சிஸ்டர் அந்தப் புது கேஸோடு நிற்கிறார். அந்த வார்டில் ஒரு ராத்திரி நின்றுவிட்டு வந்து இந்தக் கேள்வியைக் கேளுங்கள், பதில் சொல்கிறேன்.

நர்சிங் முதல் வருஷத்திலேயே எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பது, எழுதாதது செய்யாதது. மருந்தைக் கொடுத்த கையோடு கையெழுத்து. கொடுப்பதற்கு முன்னால் கிடையாது, எல்லாம் முடிந்து சாவகாசமாகவும் கிடையாது. அதிலும் இன்சுலின், ஹெப்பாரின், பொட்டாசியம் குளோரைடு மாதிரி மருந்துகள் தனி ரகம். கொஞ்சம் கூடினாலும் ஆளையே கொண்டுபோய்விடும். அதனால் இவற்றை இரண்டு பேர் பார்த்துப் போட வேண்டும் என்பது முறை. அன்றைக்கு அந்த இரண்டாவது ஆள் யார்? இதை மெமோ எழுதியவர் யாரிடமாவது கேட்டாரா?

இப்போது ஏற்காடு விஷயத்துக்கு வருகிறேன். இது நடப்பதற்குச் சில வாரம் முன்னால்தான் ஸ்டாஃபை எல்லாம் வேனில் ஏற்றி ஏற்காடு கூட்டிப் போனார்கள். டீம் வொர்க் பயிற்சி. ரிசார்ட்டில் பலூன் ஊதி, கயிறு இழுத்து, கண்ணைக் கட்டிக்கொண்டு ஒருவர் கையை ஒருவர் பிடித்து நடந்து, படகு இல்லத்தில் போட்டோ எடுத்து, எல்லாம் பேஸ்புக்கில் வந்தது. நானும் லைக் போட்டேன், சந்தோஷமாகத்தான் போட்டேன். வருஷம் முழுக்க ஓடுகிற பிள்ளைகள், ஒரு நாள் மலைக்காற்று வாங்கட்டும். டூர் போனதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த போட்டோவில் இந்தப் பெண் இல்லை. அன்றைக்கு வார்டைப் பார்த்துக்கொண்டது அவளும் இன்னும் நாலு பேரும்தான். அவர்கள் கீழே டபுள் டியூட்டி பார்த்ததால்தான் மற்றவர்கள் மேலே பலூன் ஊத முடிந்தது. அவளைப் பார்த்தா டீமாக வேலை செய்யத் தெரியாது என்கிறீர்கள்?

ஏற்காடு என்றதும் எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிடும். அப்பா அந்த ரூட்டில் கண்டக்டர். 20 கொண்டை ஊசி வளைவு. எதிரே லாரி வந்து வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டி வந்தால், அப்பா இறங்கிப் பின்பக்கம் போய் நின்றுகொள்வார். ஒரு விசில் என்றால் நில், இரண்டு விசில் என்றால் போகலாம். விசில் வராமல் டிரைவர் மாமா ஓர் அங்குலம் நகர்த்த மாட்டார். பின்னால் பள்ளத்தைப் பார்க்கிற கண் அப்பாவுக்கு, ஸ்டியரிங் மாமாவுக்கு. இரண்டு பேருக்கும் வீட்டு விஷயத்தில் பேச்சு வார்த்தையே கிடையாது, ஏதோ கல்யாணத்தில் வந்த மனஸ்தாபம். வருஷக் கணக்கில் அப்படியே இருந்தார்கள். வண்டியில் ஏறிவிட்டால் விசில் தவறாது. அந்த மாமா வண்டியை விட்டதும் நேரே வீட்டுக்குப் போக மாட்டார். அடுத்து எடுக்கிற டிரைவர் வரும்வரை டீக்கடையில் உட்கார்ந்திருந்து, "பிரேக்கு லேசா இடப்பக்கம் இழுக்குதப்பா, பதினஞ்சாவது வளைவுல பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் சைக்கிளை எடுப்பார். ஏற்கெனவே எழுதியும் வைத்திருப்பார். எழுதியதோடு விடமாட்டார்.

அவர்களை யாரும் ரிசார்ட்டுக்குக் கூட்டிப்போய்க் கயிறு இழுக்க வைக்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், டீம் என்பதற்குப் பாசம்கூட முக்கியமில்லை. பிடிக்காத ஆளிடமும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். எங்கள் வேலையில் பாதிப் பிரச்சினை இங்கேதான். "அவகிட்ட நான் பேச மாட்டேன்" என்று கேஸ் ஷீட்டை மேஜையில் வைத்துவிட்டுப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பேசாதீர்கள், தப்பில்லை. ஆறாம் பெட் அம்மாவுக்கு டிரிப் எத்தனை மணிக்கு முடியும் என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்.

இதெல்லாம் நானாகக் கண்டுபிடித்துச் சொல்வது இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2007-ல் நோயாளி பாதுகாப்புக்கு ஒன்பது வழிகளை வெளியிட்டது. டியூட்டி மாறும்போது ஒருவர் அடுத்தவரிடம் நோயாளியை முறையாகச் சொல்லி ஒப்படைப்பது அதில் ஒன்று. அப்புறம் ஆபரேஷனுக்கு ஒரு செக்லிஸ்ட் கொண்டுவந்தார்கள், 19 விஷயம். டெல்லி உட்பட எட்டு ஊர்களில் எட்டு மருத்துவமனைகளில் வைத்துப் பார்த்து, 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். மரணம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8-க்கு வந்திருந்தது. புது மெஷின் வாங்கவில்லை, புது மருந்து கண்டுபிடிக்கவில்லை. நின்று, வாய்விட்டுச் சொல்லி, சரிபார்த்தார்கள். கத்தி வைப்பதற்கு முன் அந்த அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் தன் பெயரையும், தான் என்ன வேலைக்கு நிற்கிறேன் என்பதையும் சொல்ல வேண்டும் என்பதும் அந்தப் பட்டியலில் உண்டு.

இதைப் படித்தால் எனக்கு அந்த வார்டு ஆயாம்மா ஞாபகம்தான் வருகிறது. அந்த ராத்திரி பத்தரை, பதினொன்று இருக்கும். ஐயா தூங்குகிறார் என்று எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். வாளியைத் தள்ளிக்கொண்டு போன ஆயாம்மாதான் பார்த்தது. ஃபேன் ஓடுகிறது, ஐயாவின் சட்டை தொப்பலாக நனைந்திருக்கிறது, கை நடுங்குகிறது. "கண்ணு, இங்க வா, இந்தத் தாத்தா ஒரு மாதிரி இருக்காரு" என்று கூப்பிட்டிருக்கிறார். ஓடிப்போய் சுகர் பார்த்தால் 38. எழுபதுக்குக் கீழே போனாலே நாங்கள் பதறுவோம். உடனே டாக்டரைக் கூப்பிட்டு 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ் ஏற்றி, ராத்திரி முழுக்கப் பக்கத்திலேயே நின்று திரும்பத் திரும்ப சுகர் பார்த்து அவரைத் தேற்றியது, இப்போது மெமோ வாங்கியிருக்கும் அதே பெண். ஐயா நல்லபடியாக வீட்டுக்குப் போய்விட்டார்.

அந்த மெமோவில் ஆயாம்மாவைப் பற்றி ஒரு வரி கிடையாது. விசாரணைக்கும் அவரைக் கூப்பிடவில்லை. அவர் ஒப்பந்த ஆள், ஸ்டாஃபில் சேர்த்தி இல்லையாம். ஒரு உயிரைக் காப்பாற்றிய ஆள் உங்கள் டீமில் இல்லை என்றால் உங்கள் டீம் எது?

"சீனியர் சிஸ்டரை மாட்டிவிடப் பார்க்கிறாயா?" இன்பாக்ஸில் வந்து திட்டியவர்களுக்கு இதையும் எழுதிவிடுகிறேன். இல்லை. அவர் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அவர் ஏன் ஓடினார்? ஈவினிங் டியூட்டி எட்டு மணிக்கு முடிகிறது, நைட் டியூட்டி எட்டு மணிக்குத் தொடங்குகிறது. நடுவில் ஒரு நிமிஷம் கிடையாது. முன்பு இருந்த இருபது நிமிஷத்தை ஓவர்டைம் வருகிறது என்று எடுத்துவிட்டார்கள். நின்று பேசினால் அது அவரவர் சொந்த நேரம். பஸ்ஸை விட்டால் அவருக்கு வீடு போய்ச் சேரப் பத்து மணி ஆகிவிடும், வீட்டில் பிள்ளைகள். படுக்கை படுக்கையாகப் போய் ஓவர் கொடுக்க வேண்டும், அதாவது வருகிறவரிடம் நோயாளியைச் சொல்லி ஒப்படைக்க வேண்டும் என்று காலேஜில் படித்ததெல்லாம் எங்கே போயிற்று? அந்த இருபது நிமிஷத்தோடு போயிற்று. ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 160 வருஷத்துக்கு முன்பே இதைத்தான் எழுதினார். நீ இருக்கும்போது செய்வது, நீ இல்லாதபோதும் நடக்கும்படி ஏற்பாடு செய்யத் தெரியவில்லை என்றால், செய்த நல்ல வேலை அத்தனையும் வீண் என்று. ஒவ்வொரு மே 12-ம் அவர் படத்துக்கு விளக்கேற்றுகிறோம். எங்களுக்கு ஒரு ரோஜாப்பூ கொடுக்கிறீர்கள். அந்த ரோஜா வேண்டாம், இருபது நிமிஷத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

"எல்லா ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான்மா." இதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை.

"பிடிக்கலைன்னா வேலையை விட்டுப் போகலாமே." போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். என் பேட்ச்சில் பாதிப் பேர் வெளிநாட்டில். மீதிப் பேரில் எத்தனையோ பேர் வேலையே வேண்டாம் என்று வீட்டில். ஏன் போகிறார்கள்? 2016-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையில்கூட நர்ஸ் சம்பளம் 20,000-க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. எங்கள் சேலத்தில் சுவர்ணபுரியிலும் ஐந்து ரோட்டிலும் வேலை பார்க்கிற பிள்ளைகளிடம் கையில் எவ்வளவு வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் வாயால் சொல்லட்டும். அந்தச் சம்பளத்தில் ஹாஸ்டல் வாடகையும் கல்விக் கடனும் கட்டிவிட்டு, கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு ஊரே லீவில் இருக்கும்போது டபுள் டியூட்டி பார்க்கிற பெண் அவள். தீமிதி பார்க்க அம்மா கூப்பிட்டும் போகவில்லை, "வார்டுல ஆள் இல்லைக்கா" என்று என்னிடம் சொன்னாள். வார்டில் ஆள் இல்லை என்று வருத்தப்பட்டது அவள்தான், ரோஸ்டர் போட்டவர் இல்லை.

நேற்று போனில் அழுதாள். திட்டியதற்காக இல்லை. "நான் கேட்டேன்க்கா, எல்லார்கிட்டயும் கேட்டேன், யாருமே சொல்லலையே" என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னாள். எனக்கு ஆறுதல் சொல்ல வார்த்தை வரவில்லை.

பேஸ்புக்கில் எழுதினால் தொழிலுக்கு அவமானம் என்று நினைக்கும் மூத்த சிஸ்டர்கள் என்னை மன்னிக்க வேண்டும். உள்ளே சொல்ல வேண்டிய இடத்தில் அவள் எழுத்தில் கொடுத்த விளக்கத்தைப் படிக்கக்கூட இல்லை, "அப்புறம் பார்க்கலாம்" என்று ஃபைலில் போட்டுவிட்டார்கள். ஆடியோவை மட்டும் வெளியே விட்டார்கள். அதை வெளியே விட்டவர்களுக்கு இல்லாத கூச்சம் எனக்கு எதற்கு?

நிர்வாகத்தில் இருப்பவர்களில் சிலர் என் நண்பர் பட்டியலில் இருக்கிறீர்கள், படிப்பீர்கள் என்று தெரியும். டியூட்டி மாறும் நேரத்தில் இருபது நிமிஷம், அது சம்பளத்தோடு. இன்சுலினுக்கு இரண்டாவது ஆள், இரண்டு கையெழுத்து. ஆயாம்மாவைக் கூப்பிட்டு அன்றைக்கு நடந்ததைக் கேளுங்கள். அந்த மெமோவைத் திரும்ப வாங்குங்கள். திங்கட்கிழமை விசாரணைக்கு அவளோடு நானும் வருகிறேன்.