டேஷ்போர்டை அமுக்கிப் பார்த்துக் கார் வாங்குகிறவர்களுக்கு

புதுக் கார் பார்க்க ஷோரூமுக்கு வருகிறவர்களைக் கவனித்தால் தெரியும். கதவைத் திறந்து உட்கார்ந்ததும் கை நேராக டேஷ்போர்டுக்குத்தான் போகும். கட்டைவிரலால் ஓர் அமுக்கு. மெத்தென்று உள்ளே போனால் "குவாலிட்டி நல்லா இருக்கு". அமுங்காவிட்டால் "இவ்வளவு காசு வாங்கிட்டு என்னங்க இப்படி பிளாஸ்டிக் போட்டிருக்கான்". யூடியூபில் கார் விமர்சனம் செய்கிறவர்களும் விரல் முட்டியால் தட்டிக் காட்டிவிட்டு, சத்தம் கேட்டதும் மார்க்கைக் குறைத்துவிடுகிறார்கள். இந்தச் சோதனையில் அதிகம் அடி வாங்குவது ஜப்பான் கம்பெனிகளின் கார்கள்தான். டொயோட்டா, ஹோண்டா, சுசுகி, நிசான் என்று எதை எடுத்தாலும் "இன்ஜின் அருமை, உள்ளே பிளாஸ்டிக் மட்டம்" என்பதே பேச்சு.

இதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். கடலூரில் கார் ஏசி வேலை பார்க்கிறவன் நான். உப்புக் காற்று அடிக்கும் ஊர் என்பதால் இங்கே கூலிங் காயில் சீக்கிரம் அரித்து ஓட்டை விழும். அதை மாற்ற வேண்டுமென்றால் நிறைய கார்களில் டேஷ்போர்டையே முழுசாக இறக்கியாக வேண்டும். வாங்கும்போது யாரும் பார்க்காத பின்பக்கத்தை, அதுவும் கார் எட்டு, பத்து வருஷம் வெயிலில் நின்ற பிறகு பார்க்கிற வேலை என்னுடையது. அந்த இடத்திலிருந்து பார்த்தால் தரம் என்பது வேறு மாதிரித் தெரிகிறது.

டேஷ்போர்டை இறக்கும்போது என் முதல் பயம் கிளிப். ஒவ்வொரு பேனலுக்குப் பின்னாலும் அதனோடு சேர்த்தே வார்த்த சின்னச் சின்ன நாக்குகள் இருக்கும். அவைதான் எதிரே இருக்கும் துளையில் போய்ப் பூட்டிக்கொள்ளும். பத்து வருஷக் காரில் அந்த நாக்கை வளைக்கும்போது இரண்டில் ஒன்று நடக்கும். மடியும் இடம் லேசாக வெளுத்து, கை விட்டதும் பழையபடி நிமிரும். இல்லையென்றால் அப்பளமாக நொறுங்கிக் கையோடு வந்துவிடும். நொறுங்கினால் அவ்வளவுதான், திரும்ப மாட்டினாலும் அந்தப் பேனல் இனி வாழ்நாள் முழுக்கக் கடகடக்கும். டொயோட்டாவின் பழைய குவாலிஸ், முதல் தலைமுறை இன்னோவா, எட்டியோஸ் மாதிரி வண்டிகளில் பெரும்பாலும் நாக்கு நிமிர்ந்துவிடும், நொறுங்காது. குவாலிஸ் 2000இல் வந்து 2005இல் நின்றுபோன வண்டி. பார்க்க ஒன்றுமில்லாத சாம்பல் நிற டேஷ்போர்டு. மேலே வெளிறியிருக்கும், கீறல் இருக்கும். ஆனால் உடைந்திருக்காது, ஒட்டாது, உரியாது.

கழற்றிய பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். உள்பக்கம் இரண்டு அம்புக்குறிக்கு நடுவே அது என்ன பிளாஸ்டிக் என்று அச்சிட்டிருக்கும். "பிபி" என்றால் பாலிப்ரொப்பிலீன். பக்கத்தில் "டிடி20" என்று இருந்தால் நூற்றுக்கு இருபது பங்கு டால்க் கலந்தது, அதாவது முகப் பவுடரில் இருக்கிற அதே கனிமப் பொடி. அடி தாங்குவதற்காகக் கொஞ்சம் ரப்பர் வகையும் சேர்ப்பார்கள். விரலுக்குக் கடினமாகப் படுகிற டேஷ்போர்டு அனேகமாக இந்தக் கலவைதான். ஒரே வார்ப்பு, ஒரே பொருள். மேலே ஒட்டின தோல் இல்லை, பெயின்ட் இல்லை. பிரிந்து வர அதில் ஒன்றுமே இல்லை. டொயோட்டா இந்தக் குடும்பத்துப் பிளாஸ்டிக்கில் பெரிய உழைப்பைப் போட்டிருக்கிறது. சூப்பர் ஒலெஃபின் பாலிமர் என்ற பெயரில் 1991இல் பம்பரில் கொண்டுவந்து, அப்புறம் காருக்குள் இருக்கும் பாகங்களுக்கும் நீட்டித்தது. திரும்பத் திரும்ப உருக்கி வார்த்தாலும் அதன் தன்மை எளிதில் கெடக்கூடாது என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. இதையா மட்டம் என்கிறோம்?

சரி, மெத்தென்று இருக்கிற டேஷ்போர்டில் என்ன இருக்கிறது? கீழே கெட்டியான சட்டம், நடுவில் ஃபோம், மேலே மெல்லிய தோல். பல கார்களில் அந்தத் தோல் பிவிசி. பிவிசி இயல்பில் விறைப்பானது. அதை இளக்கி மிருதுவாக்க எண்ணெய் மாதிரியான ஒரு பொருளைக் கலக்கிறார்கள். வருஷக்கணக்கில் சூடு ஏற ஏற அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். காலையில் காரை எடுக்கும்போது முன்கண்ணாடியின் உள்பக்கம் துடைத்தாலும் போகாத எண்ணெய்ப் படலம் இருக்கிறதே, அதில் இதற்கும் பங்கு உண்டு. அந்தப் பொருள் போகப் போகத் தோல் சுருங்கி, விறைத்து, ஒருநாள் வெடிக்கும். வெடிப்பு பெரும்பாலும் முன்கண்ணாடியை ஒட்டியோ ஏர்பேக் மூடியின் ஓரத்திலோதான் ஆரம்பிக்கும்.

இன்னொரு வகை, கடின பிளாஸ்டிக்கின் மேல் ரப்பர் மாதிரி பெயின்ட் அடிப்பது. தொண்ணூறுகளின் கடைசியிலும் அதற்கப்புறமும் வந்த ஐரோப்பிய கார்களில் இது ரொம்பப் பிரபலம். சுவிட்ச், கதவுக் கைப்பிடி, ஏசி வென்ட் எல்லாம் புதிதில் வெல்வெட் போலிருக்கும். அந்தப் பாலியூரித்தேன் பூச்சைக் காற்றின் ஈரமும் சூடும் சேர்ந்து உடைத்துவிடும். கடைசியில் பிசுபிசுவென்று கையில் ஒட்டும், நகம் பட்டால் உரியும். குளிர்நாட்டில் ஒரு காலம் வரைக்கும் தாங்கலாம். கடலூரின் புழுக்கத்துக்கு அது ஆகவே ஆகாது. ஏகப்பட்ட விலை கொடுத்து வாங்கிய காரில், ஜன்னல் சுவிட்சை அமுக்கிவிட்டு வேட்டியில் விரலைத் துடைத்துக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மனசு கஷ்டமாக இருக்கும்.

சூடு என்று சும்மா சொல்லவில்லை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு. கடும் வெயில் நாளில் ஒரு மணி நேரம் திறந்த வெளியில் நின்ற கார்களில் டேஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸ், ஸ்டீயரிங் 53 டிகிரி. கத்திரி வெயிலில் சில்வர் பீச்சில் வண்டியை நிறுத்திவிட்டு மத்தியானம் திரும்பி வந்து ஸ்டீயரிங்கைத் தொட்டவர்களுக்கு இந்தக் கணக்கு ஆச்சரியமாக இருக்காது.

இதில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. முன்கண்ணாடி இரண்டு அடுக்குக் கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்தது. புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியை அதுவே நிறுத்திவிடும். அதனால் டேஷ்போர்டின் முதல் எதிரி சூடுதான். பக்கக் கண்ணாடி அப்படியில்லை, கதிரில் ஒரு பங்கை உள்ளே விட்டுவிடும். கதவின் உள்பக்கத்தை மூடியிருக்கும் டோர் பேடின் மேல்விளிம்பு சீக்கிரம் வெளிறுவதற்கு இதுதான் காரணம். உள்ளே கறுப்பு நிறமாக இருந்தால் சூடு அதிகம்தான், ஆனால் அந்தக் கறுப்புக்காகச் சேர்க்கும் கார்பன் பொடியே புற ஊதாக் கதிரை வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக்கைக் காப்பாற்றும். பெய்ஜ் நிறத்துக்கு அந்தக் காவல் கிடையாது.

அப்புறம் சத்தம். ஒரு மீட்டர் நீளப் பாலிப்ரொப்பிலீன் பட்டை 40 டிகிரி சூடேறினால் கலவையைப் பொறுத்துச் சுமார் 3 முதல் 5 மில்லிமீட்டர் நீளும். அதே நீள இரும்பு அரை மில்லிமீட்டர்தான் நீளும். டேஷ்போர்டோ பின்னால் இருக்கும் இரும்புக் குறுக்குச் சட்டத்தில் பூட்டியிருக்கிறது. தினமும் மத்தியானம் நீண்டு, ராத்திரி சுருங்கி, வருஷம் முழுக்க இந்த இழுபறி. இதை நினைத்துப் பார்த்துச் செய்த டேஷ்போர்டில் சில திருகுத் துளைகள் வட்டமாக இருக்காது, பிளாஸ்டிக் நகர இடம் விட்டு நீளவாட்டில் இருக்கும். இரண்டு பாகம் உரசும் இடத்தில் ஃபெல்ட் டேப் ஒட்டியிருக்கும். நல்ல ஜப்பான் கார்களில் இந்த இரண்டையும் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே மரியாதை வரும். வாங்குகிறவன் ஒருநாளும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தே அங்கே காசு செலவழித்திருக்கிறார்கள். ஷோரூமில் விரல் படும் இடத்தில் ஃபோம் வைத்துவிட்டு உள்ளே ஃபெல்ட் டேப்பை மிச்சம் பிடித்த வண்டிகளையும் பிரித்திருக்கிறேன்.

ஜப்பான்காரர்கள் தவறே செய்யாதவர்கள் என்று சொல்ல வரவில்லை. அமெரிக்காவில் டொயோட்டா, லெக்சஸ் கார்கள் பலவற்றில் டேஷ்போர்டு உருகினது போல் பளபளத்து ஒட்ட ஆரம்பித்தது. ஃப்ளோரிடா மாதிரி வெயிலும் ஈரமும் சேர்ந்த இடங்களிலிருந்து புகார் குவிந்தது. வெயில் அதில் பட்டு முன்கண்ணாடியில் எதிரொளித்து ரோடே தெரியவில்லை என்று வழக்கு வரைக்கும் போனார்கள். 2007 முதல் 2011 வரையிலான கேம்ரியும் அந்தப் பட்டியலில் இருந்தது. கடைசியில் வாரன்டி காலத்தை நீட்டித்து டேஷ்போர்டை மாற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று. நிசான் ஆல்டிமாவுக்கும் இதே கதை நடந்தது. நான் கவனிக்கச் சொல்வது ஒன்றுதான்: ஒட்டினது மேல்தோல் போட்ட மெத்தென்ற டேஷ்போர்டு. லெக்சஸும் கேம்ரியும் விலை குறைந்த வண்டிகள் இல்லையே!

புதுக் கார் வாசனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த வாசனையில் பிளாஸ்டிக், பசை, ஃபோமிலிருந்து வரும் ஆவியும் கலந்திருக்கிறது. ஃபார்மால்டிஹைடு, டொலுவீன் உள்ளிட்ட 13 பொருட்களுக்கு ஜப்பான் சுகாதார அமைச்சகம் வீடுகளுக்கென்று வரம்பு வைத்திருந்தது. அங்கே விற்கும் 2007 முதலான புது மாடல்களின் கேபினிலும் அந்த வரம்பைக் கடைப்பிடிப்போம் என்று அந்நாட்டுக் கார் உற்பத்தியாளர் சங்கம் தானாக முன்வந்து அறிவித்தது. பிளாஸ்டிக்கின் தரத்தில் இதுவும் சேர்த்திதான். விரலுக்கு இது எப்படித் தெரியும்?

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது அங்கே ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அடுத்த சில நாளில் தென்பெண்ணை வெள்ளம் கடலூருக்குள் வந்தது. அப்போது சீட் வரைக்கும் தண்ணீர் ஏறிய கார்களைச் சுத்தம் செய்தவர்களைக் கேளுங்கள். கடின பிளாஸ்டிக் டோர் பேடைக் கழற்றி, சோப்பு போட்டுக் கழுவி, காயவைத்து மாட்டிவிட்டார்கள். துணியும் ஃபோமும் ஒட்டிய டோர் பேட், கார்ப்பெட்டுக்குக் கீழே இருக்கும் ஃபெல்ட் எல்லாம் எத்தனை நாள் காயவைத்தாலும் நாற்றம் போகவில்லை. அடிக்கடி வெள்ளம் பார்க்கிற மாவட்டத்தில் கழுவிக் காயவைக்கக்கூடிய உள்பாகம் பெரிய வசதி.

இப்போது வரும் ஜப்பான் கார்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. கட்டைவிரல் விமர்சனத்துக்குப் பயந்து அவர்களும் மாறுகிறார்கள். கை படாத இடத்தில் தையல் போட்ட ரெக்சின் பட்டை ஒட்டுகிறார்கள். கியரைச் சுற்றி பியானோ பிளாக் என்கிற பளபளக்கும் கறுப்பு பிளாஸ்டிக். கடற்கரை மணலும் ரோட்டுத் தூசியும் பறக்கிற ஊரில், சுத்தமான துணியால் துடைத்தாலும் அதில் மயிரிழைக் கீறல் விழும், வெயிலில் கண்ணைக் கூசும். அந்தக் காசில் ஏசி வென்ட் துடுப்புகளைக் கொஞ்சம் கெட்டியாகச் செய்திருந்தால் எத்தனையோ பேர் வாழ்த்துவார்கள். சென்ட் பாட்டிலை அதில் மாட்டி உடைத்துக்கொண்டு வருகிறவர்கள் என் கடைக்கு வந்துகொண்டேதான் இருக்கிறார்கள்.

வைத்திருக்கும் பிளாஸ்டிக்கை நாமே கெடுப்பதும் நிறைய நடக்கிறது. எண்ணெய் வழியும் பாலிஷைத் தடவாதீர்கள். தூசியைப் பிடித்து வைக்கும், கண்ணாடியில் எதிரொளிக்கும். ஈரத் துணி, கொஞ்சம் மிதமான சோப்பு, நிறுத்தும்போது ஒரு சன்ஷேடு போதும். எல்லாவற்றையும் விட ஆபத்தானது, பக்கத்து சீட்டுக்கு நேரே டேஷ்போர்டின் மேல் பிள்ளையாரை ஒட்டுவது. புது மாடல்களில் பக்கத்து சீட் ஏர்பேக் 2021 ஏப்ரல் முதல் கட்டாயம். பல கார்களில் அதன் மூடி வெளியே தெரியாது. பிளாஸ்டிக்கின் உள்பக்கத்தில் மெல்லியதாகக் கோடு கீறி, விரியும்போது அந்த இடத்தில் மட்டும் சரியாகக் கிழியும்படி செய்திருப்பார்கள். அதன் மேல் ஒட்டிய சிலை அந்த வேகத்தில் ஆளின் முகத்துக்கு வரும். டேஷ்போர்டு முழுக்க ரெக்சின் தைத்து மூடுவதும் அதே அளவு ஆபத்து. சாமியைத் தயவுசெய்து வேறு இடத்தில் வையுங்கள்.

கம்பெனிகளிடம் நான் கேட்பதும் ஒன்று இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒருவரின் காரில் கிளவ் பாக்ஸ் பூட்டு நாக்கு ஒன்று உடைந்தது. விரல் நுனி அளவுதான் இருக்கும். சர்வீஸ் சென்டரில் கேட்டால் அது தனியாக வராது, பெட்டியோடு முழு செட்டாகத்தான் வாங்க வேண்டும் என்றார்கள். வாங்கவும் செய்தார். நல்லாயிருந்த பெட்டி குப்பைக்குப் போனது. பதினைந்து வருஷம் உழைக்கிற பிளாஸ்டிக்கைச் செய்யத் தெரிந்தவர்களுக்கு அந்த நாக்கையும், கிளிப்பையும், வென்ட் துடுப்பையும் தனித்தனியாகப் பாக்கெட்டில் போட்டு நியாயமான விலைக்கு விற்பது பெரிய காரியமில்லை. புதுக் கார் வாங்கப் போகிறவர்கள் அமுக்கிப் பார்த்துவிட்டு, இந்தக் கேள்வியையும் ஷோரூமிலேயே கேளுங்கள்: உள்பாக பிளாஸ்டிக்குக்கு வாரன்டி எத்தனை வருஷம், கிளிப் தனியாகக் கிடைக்குமா?