சுழல்வது வேறு, சுற்றுவது வேறு

அக்கா மகள் வானியல் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். "நிலா தன்னைத்தானே சுழலுதா?" என்று கேட்டேன்.

"இல்ல சித்தி. அதனாலதான் எப்பவும் ஒரே பக்கம் தெரியுது." சட்டென்று வந்தது பதில்.

அவள் நோட்டில் சுழற்சிக்கும் சுற்றுதலுக்கும் வரையறை எழுத்துப் பிசகாமல் இருந்தது. தேர்வில் கேட்டால் முழு மதிப்பெண் வாங்கியிருப்பாள். எனக்கு அதுதான் வருத்தம்.

அறை நடுவே ஒரு நாற்காலியைப் போட்டேன். "இது பூமி, நீ நிலா. முகத்தை நாற்காலிப் பக்கமே வச்சுக்கிட்டு ஒரு சுற்று வா" என்றேன். பக்கவாட்டில் அடி எடுத்து வைத்தாள். கிளம்பும்போது நாற்காலிக்குப் பின்னால் ஜன்னல் தெரிந்தது. கால் சுற்றில் அலமாரி, அரைச் சுற்றில் வெறும் சுவர், முக்கால் சுற்றில் கதவு, பிறகு மறுபடி ஜன்னல். நின்றுவிட்டாள். "சித்தி, நாலு சுவரையும் பாத்துட்டேன். அப்ப நானும் ஒரு தடவ சுழன்றிருக்கேன்ல?"

அவ்வளவுதான் விஷயம். நிலா பூமியைச் சுற்ற 27.3 நாள், தன்னைத்தானே சுழலவும் அதே 27.3 நாள். அதனால்தான் ஒரே முகம். வெள்ளி இன்னும் விசித்திரம்: சூரியனைச் சுற்ற 225 நாள், ஒருமுறை சுழல 243 நாள்.

பேச்சில் நமக்கு எல்லாமே "சுத்துது"தான். மின்விசிறியும் சுத்துது, விளக்கைப் பூச்சியும் சுத்துது. வீட்டில் ஒரே சொல்லாகப் புழங்குவதைப் பாடத்தில் இரண்டாகப் பிரிக்கிறோம் என்றால், அந்தப் பிரிவைப் பிள்ளை உடம்பால் உணர வேண்டாமா? வரையறையை ஒப்பிக்கச் சொல்வதால் அது வராது.

ஒளியாண்டு என்ற சொல்லிலும் இதே சிக்கல். அதைக் காலம் என்று நினைக்கும் பிள்ளையைத் திட்டாதீர்கள். கல்வியாண்டு, நிதியாண்டு, லீப் ஆண்டு என்று 'ஆண்டு' என முடியும் எல்லாமே ஆண்டுதானே? அந்தப் பழக்கத்தில் சரியாகத்தான் யோசிக்கிறது. அதற்கு நான் சொல்வது இது: கடை எவ்வளவு தூரம் என்று கேட்டால் "பத்து நிமிஷ நடை" என்கிறோம். தூரத்தைத்தான் நேரத்தால் சொல்கிறோம். ஒளியாண்டும் அப்படித்தான், ஒளிக்கு ஓராண்டு நடை. ஒளி விநாடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் போகும். நிலா அதற்கு 1.3 விநாடி நடை, சூரியன் 8 நிமிடம் 20 விநாடி நடை. சூரியனை விட்டால் நமக்கு மிக அருகில் இருக்கும் விண்மீன் பிராக்சிமா செண்டாரி, 4.24 ஆண்டு நடை. இப்படிப் படிப்படியாக ஏறிய பிறகு, ஓர் ஒளியாண்டு ஏறத்தாழ 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர் என்று சொல்லுங்கள். அப்போதுதான் அந்த எண்ணுக்கு உயிர் வரும்.

விண்மீனா நட்சத்திரமா, கோளா கிரகமா என்ற சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. இரண்டும் புழங்கட்டும். நாள்மீன், கோள்மீன் என்று சங்கப் பாடல்களே பிரித்துச் சொன்ன மொழி இது, பிள்ளைகள் தாங்கிக்கொள்வார்கள். ஆனால் 'அண்டம்' ஓரிடத்தில் பிரபஞ்சம் முழுவதையும், இன்னோரிடத்தில் ஒரே ஒரு விண்மீன் திரளையும் குறித்தால் அது குழப்பம். பால்வழி ஒரு விண்மீன் திரள். அதுபோலக் கோடிக்கணக்கான திரள்கள் சேர்ந்ததுதான் பிரபஞ்சம். பாடம் எழுதுகிறவர்கள் இந்த ஒரு சொல்லிலாவது ஒத்துப்போனால் பெரிய உதவி.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "சுழற்சி என்றால் என்ன?" என்று கேட்காமல், "நிலா சுழலவில்லை என்கிறாள் ஒருத்தி, அவளுக்கு என்ன பதில் சொல்வாய்?" என்று கேட்டுப் பாருங்கள்.

அன்று நான் நாற்காலியை எடுக்கப் போனபோது அவள் விடவில்லை. இந்த முறை முகத்தை ஜன்னல் பக்கமே வைத்துக்கொண்டு, திரும்பாமல் சுற்றினாள். பாதிச் சுற்றில் நாற்காலிக்கு முதுகைக் காட்டி நின்றபடி கத்தினாள்: "சித்தி! நிலா சுழலாம இருந்தாத்தான் அதோட முதுகு நமக்குத் தெரியும்!"