ஒரே வசனத்தின் இரண்டு பாதிகள்

பாட்டியின் தமிழ் வேதாகமம் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகள் 17:26-இல் 'ஒரே இரத்தத்தினாலே' என்ற சொற்களுக்கு மட்டும் நீல மையில் கோடு போட்டிருக்கிறார். இனஒதுக்கல் ஆட்சி நடந்த 1960களில், டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாரக்ஸிலிருந்து பெயர்த்தெடுத்து இங்கே கொண்டுவந்து குடியேற்றப்பட்டவர் அவர். அந்தக் கோட்டின் பொருள் எனக்குப் புரிகிறது.

அதே வசனத்தின் பின்பாதியில் தேவன் மனிதர்களுடைய 'குடியிருப்பின் எல்லைகளையும்' குறித்தார் என்று வருகிறது. இந்த நாட்டின் வெள்ளை இறையியலாளர் பலர் கோடு போட்டது அங்கேதான். இங்குள்ள வெள்ளையரின் நெதர்லாந்து சீர்திருத்தத் திருச்சபை வெளியிட்ட 1974ஆம் ஆண்டு அறிக்கைகூட, இனங்களைப் பிரித்து வைப்பதற்கு இந்த வசனத்தையும், தேவன் மொழிகளைக் குழப்பி மக்களைச் சிதறடித்த பாபேல் கோபுரக் கதையையும் துணைக்கு அழைத்தது.

அவர்கள் படிக்காதவர்கள் அல்லர் என்பதுதான் என்னைக் கலங்க வைக்கிறது. டோட்டியஸ் என்ற புனைபெயரில் எழுதிய கவிஞர் டு டாய்ட் இறையியல் பேராசிரியர். 1933இல் வெளிவந்த ஆப்பிரிக்கான்ஸ் மொழி வேதாகமத்தின் முக்கிய மொழிபெயர்ப்பாளர். 1944இல் புளூம்ஃபொன்டைன் மாநாட்டில் அவர் ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தை எடுத்துக்கொண்டார். ஒளியையும் இருளையும் பிரித்த தேவன் இனங்களையும் பிரித்து வைப்பவர் என்று வாதாடினார். அந்த அதிகாரத்தில் இனம் என்ற பேச்சே இல்லை. முடிவு அவர் மனத்தில் முன்பே இருந்தது. புலமை அதற்குக் கூலி வேலை செய்தது.

ஆகவே விசுவாசிகள் வேதாகமத்தை ஆராயவே கூடாது என்று நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். நான் ஒப்பவில்லை. ஸ்டெல்லன்பாஷில் அதே நெதர்லாந்து சீர்திருத்தத் திருச்சபையின் பேராசிரியராக இருந்த கீட், இனஒதுக்கலுக்கு வேதத்தில் ஆதாரம் இல்லை என்று 1950களிலேயே துணிந்து எழுதினார். அவரும் ஆழ்ந்த விசுவாசிதான். வசனம் தன் சபைக்கு எதிராகப் பேசியபோது அவர் காதைப் பொத்திக்கொள்ளவில்லை.

என் முறை சென்ற மாதம் வந்தது. கிரேக்க மூலத்தின் அடிக்குறிப்பு ஒன்றைப் பார்த்தேன். 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் கையெழுத்துப் பிரதிகளில் அந்த வசனத்தில் 'இரத்தம்' என்ற சொல் இல்லை. 'ஒன்றிலிருந்து' என்றுதான் இருக்கிறது. மனிதர் எல்லாருக்கும் ஒரே மூலம் என்ற கருத்து அப்படியே நிற்கிறது. ஆனால் பாட்டி கோடிட்ட சொல் போய்விடுகிறது. பிற்காலப் பிரதிகளே சரி என்று நிறுவ இரண்டு இரவுகள் நூல் நூலாகப் புரட்டினேன். மூன்றாம் நாள்தான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது.

"இதையெல்லாம் சபையில் சொல்லாதே, தம்பி" என்றார் எங்கள் மூப்பர். வரும் ஞாயிறு வேதபாட வகுப்பில் பாட்டியின் புத்தகத்திலிருந்து அந்த வசனத்தை முழுவதுமாக வாசிக்கப்போகிறேன். அடிக்குறிப்பையும் சேர்த்து.