ஆக்சிஜன் சென்சார் ஒயரைக் கழற்றினால் மைலேஜ் கூடுமா?

பெங்களூருவில் நம் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "கார் ஆக்சிஜன் சென்சாரின் ஒயரைக் கழற்றிவிடுங்கள், மைலேஜ் கூடும். பழசானால் பெட்ரோலில் ஊறவையுங்கள், புதுசாகிவிடும்." இரண்டுமே தவறு.

புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை இந்த சென்சார் அளந்து சொல்வதை வைத்துத்தான் இன்ஜின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. ஒயரைக் கழற்றினால் அது குத்துமதிப்பாக, பெரும்பாலும் தேவைக்கு அதிகமாகவே பெட்ரோலை விடும். மைலேஜ் குறையும், செக் இன்ஜின் விளக்கு எரியும். எரியாத பெட்ரோல் போய்ப் போய், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சூடேறிப் பாழாகும். அதை மாற்றும் செலவு சென்சாரைவிடப் பல மடங்கு. எமிஷன் டெஸ்டிலும் மாட்டலாம்.

ஊறவைப்பது ஆபத்து, பலனும் இல்லை. சென்சாரின் முனை பிளாட்டினம் பூசிய சிர்கோனியா பீங்கான். சிலிக்கான் படிந்து கெட்டால் பெட்ரோலில் போகாது. மாற்றத்தான் வேண்டும்.

ஆனால் விளக்கு எரிந்தவுடன் உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோட்டுக்கு ஓடி புது சென்சார் வாங்கவும் வேண்டாம். முதலில் காரின் கோளாறு கோடைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் போடச் சொல்லுங்கள். பி0135 என்ற கோடு வந்தால் சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டரின் சர்க்யூட்டில் கோளாறு. ஃபியூஸோ ஒயரோகூடக் காரணமாக இருக்கலாம். கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் சாதாரண வகை சென்சார் நன்றாக இருந்தால், சூடான இன்ஜினில் ஸ்கேனர் திரையில் வோல்டேஜ் 0.1-க்கும் 0.9-க்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். மெக்கானிக்கிடம் கேட்டு நீங்களே பார்க்கலாம். சரியான பராமரிப்பு கார் மேனுவலில் இருக்கிறது.

அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து ஃபார்வர்டு செய்யாதீர்கள். அனுப்பியவரிடமும் சொல்லுங்கள்.