கோட்டும் கோட்டாவும்

கன்னியம்மா: இதை நான் தேய்க்க மாட்டேன் சார். எடுத்துக்கொண்டு போங்க.

சார்: ஏன்ம்மா? சட்டை ரேட்டுக்கு மேலே ரெண்டு ரூபாய் சேர்த்து வாங்கிக்கொள்.

கன்னியம்மா: இருநூறு கொடுத்தாலும் மாட்டேன். முழுக்க சரிகை. பெட்டியில் கரி கனிந்து கிடக்கிறது, வைத்த உடனே சுருட்டிக்கொள்ளும். நான் ஆரணிக்காரி. தறிக்குப் பக்கத்தில் பிறந்தவளுக்குச் சரிகை தெரியாதா? அது இருக்கட்டும், எந்த ஊர்த் திருவிழா?

சார்: திருவிழாவா?

கன்னியம்மா: வெள்ளி மாதிரி சட்டை, கழுத்து வரை காலர், முழுக்கை. ராஜா வேஷம்தானே? பாப்பா கூத்துக் கட்டுகிறாளா? எங்கள் பக்கம் பாரதம் நடந்தால் திரௌபதி வேஷத்தையே மீசையை மழித்துவிட்டு ஆம்பளைதான் கட்டுவான். இப்போது பொண்ணே ராஜா வேஷம் கட்டுகிறது என்றால் நல்லதுதான். என்ன வேஷம்?

சார்: வேஷமும் இல்லை கீஷமும் இல்லை. ஃபென்சிங்.

கன்னியம்மா: கம்பி வேலியா?

சார்: அது வேறே ஃபென்சிங்!

(மனுஷர் இதை எத்தனையாவது முறை சொல்கிறாரோ, குரலில் அவ்வளவு சலிப்பு. காட்பாடி தாண்டி மனை வாங்கிய யாரிடமும் ஃபென்சிங் என்று சொல்லிப் பாருங்கள், கல் நட்டுக் கம்பி கட்ட எத்தனை அடி என்றுதான் கேட்பார்கள். நான் என் நாலு சட்டையோடு வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். அவசரம் ஒன்றும் இல்லை.)

சார்: இது வாள்வீச்சு. வாளை வைத்துச் சண்டை போடுவது.

கன்னியம்மா: அதைத்தானே கேட்கிறேன். வாள் என்றால் யாரு, அர்ஜுனனா?

சார்: அர்ஜுனனுக்கு வில்லும்மா.

கன்னியம்மா: துரியோதனன்?

சார்: அவனுக்கு கதை.

கன்னியம்மா: அப்போ நகுலன். சின்ன வேஷம்தான், பரவாயில்லை. முதல் வருஷம்தானே.

சார்: விளையாட்டும்மா! ஸ்போர்ட்ஸ்! 1896-இல் முதல் ஒலிம்பிக் நடந்ததே, அதிலேயே இருந்த விளையாட்டு. நம் சென்னைப் பெண் பவானி தேவி டோக்கியோவுக்குப் போனாரே, தெரியாது? வாள்வீச்சில் இந்தியாவிலிருந்து ஒலிம்பிக்குக்குப் போன முதல் ஆள். முதல் மேட்சை 15-3 என்று முடித்தார்.

கன்னியம்மா: பார்த்தீர்களா?

சார்: டிவியில் பார்த்தேன். ஆரம்பத்தில் அந்தப் பெண் மூங்கில் குச்சியை வைத்துத்தான் பழகினாராம். எலக்ட்ரிக் வாள் அவ்வளவு விலை. அதைப் படித்ததும் நான் நம் பாப்பாவுக்கும்...

கன்னியம்மா: நல்ல வாளாக வாங்கிக் கொடுத்தீர்களா?

சார்: மூங்கில் என்ன விலை என்று விசாரித்தேன்.

கன்னியம்மா: சரி, பாப்பா ஆடிப் பார்த்திருக்கிறீர்களா?

சார்: அதற்கு எங்கேம்மா நேரம்? எப்படியும் சர்டிபிகேட் வீட்டுக்கு வந்துவிடும். நான் ஏன் இந்தக் கோட்டை வாங்கினேன் என்று நினைக்கிறாய்?

கன்னியம்மா: கோட்டையை வாங்கினீர்களா? யார் சார் விற்றது?

சார்: இந்தக் கோட்டை! கோட்டு! கையில் வைத்திருக்கிறாயே, அது. எல்லாம் கோட்டாவுக்காக வாங்கியது.

கன்னியம்மா: கோட்டுக்காகவே கோட்டு வாங்கினீர்களா?

சார்: கோட்டு இல்லை, கோட்டா. ஸ்போர்ட்ஸ் கோட்டா. காலேஜில் சீட்டு, அப்புறம் கவர்மென்ட் வேலை. கோட்டு இருந்தால் மேட்ச் ஆடலாம், மேட்ச் ஆடினால் சர்டிபிகேட், சர்டிபிகேட் இருந்தால் கோட்டா.

கன்னியம்மா: இதில் பாப்பா எங்கே சார் வருகிறாள்?

சார்: கோட்டுக்கு உள்ளே.

(பதில் சட்டென்று வந்ததில் அவருக்கே கொஞ்சம் பெருமை. கன்னியம்மா கோட்டை உதறி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.)

கன்னியம்மா: வாளும் நீங்கள்தான் வாங்கினீர்களா?

சார்: அதை ஏன் கேட்கிறாய்! மூன்று வகையாம். ஃபாயில், எபே, சேபர். சென்னையில் ஒரு கடையில் மூன்றையும் கையில் வாங்கிப் பார்த்தேன். ஃபாயிலும் சேபரும் 500 கிராமுக்குள். எபே மட்டும் 770 வரைக்கும் போகலாமாம். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. எடைக்கு எடை பார்த்தால் எது லாபம்? எபேயை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கன்னியம்மா: பாத்திரக் கடையில் குண்டான் எடுக்கிற மாதிரி. பாப்பா ஆடுவது எபேதானா?

சார்: சேபராம். அழுதாள். சேபரில் இடுப்புக்கு மேலே எங்கே பட்டாலும் கணக்கு. தலை, கை எல்லாம் சேர்த்தி. வீசி வெட்டலாம், குத்தவும் செய்யலாம். எபேயில் நுனியால் குத்த மட்டும்தான் முடியும், ஆனால் உச்சந்தலையிலிருந்து கால் விரல் வரை எங்கே பட்டாலும் பாயிண்ட். அதனால் எபேக்கு இந்த வெள்ளிக் கோட்டே தேவையில்லையாம். “அட, அப்போ எபேயே ஆடேன், கோட்டுக் காசு மிச்சம்” என்றேன். ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை.

கன்னியம்மா: ரெண்டே நாளில் பேசிவிட்டாளா! நல்ல மனசு சார் அவளுக்கு.

சார்: அப்புறம் சேபரை மாற்றிக்கொண்டு வந்தேன். தொட்டுப் பார்த்தால் மொக்கை. ஓரத்தில் கூரே இல்லை, நுனியை வேறே மடக்கி வைத்திருக்கிறான். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சாணைக்காரனிடம் கொண்டுபோனேன்.

கன்னியம்மா: ஐயையோ! சாணை பிடித்தானா?

சார்: “இதை நான் பிடித்தால் போலீஸ் நம்ம ரெண்டு பேரையும் பிடிக்கும் சார், தொரப்பாடி ஜெயில் ரொம்ப தூரம் இல்லை” என்றான்.

கன்னியம்மா: மொக்கையாக இருப்பதால்தான் சார் பாப்பா வீட்டுக்கு வருகிறாள். எங்கள் கூத்தில்கூட மரவாள்தான். சரி, சண்டைக்குச் சரிகை எதற்கு?

சார்: கரண்ட்டுக்கு.

(கன்னியம்மா கோட்டை மேஜையில் போட்டுவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.)

சார்: பயப்படாதே, வயர் மாட்டினால்தான். ஆடும்போது முதுகுப் பக்கம் வயர் மாட்டுவார்கள். எதிராளி வாள் இந்தச் சரிகையில் பட்டால் லைட் எரியும். ஒரு பாயிண்ட்.

கன்னியம்மா: அக்குளில் கறுத்திருக்கிறதே. காலரில் பச்சை பூத்திருக்கிறது பாருங்க. வேர்வை உப்பு. கல்யாண வீட்டில் கட்டிய புடவையை அப்படியே பீரோவில் வைத்தால் இப்படித்தான் ஆகும்.

சார்: அங்கே பட்டால் லைட் எரியாது. முதலில் எனக்கும் கோபம்தான் வந்தது. அப்புறம் யோசித்தேன். எரியாவிட்டால் நமக்கு நல்லதுதானே? கோட்டு முழுக்கக் கறுத்துவிட்டால் பாப்பாவை எவளாலும் ஜெயிக்க முடியாது!

கன்னியம்மா: கர்ணன்! கவசத்தோடு பிறந்தவன். நகுலன் இல்லை சார், கர்ணன் வேஷம்.

சார்: ஆனால் விட மாட்டார்களாம். ஆடுவதற்கு முன்னாடியே மீட்டர் வைத்துப் பார்க்கிறார்கள். கரண்ட்டுக்கு எவ்வளவு தடை என்று அளக்க ஓம் என்று ஒரு கணக்கு, 5-ஐத் தாண்டினால் கோட்டு செல்லாது என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

கன்னியம்மா: அதானே பார்த்தேன். கவசத்தை வாங்கிக்கொண்டு போக இந்திரன் வந்துவிட்டான்.

சார்: போன மேட்சில் அதுதான் ஆயிற்று. யாரிடமோ இரவல் கோட்டு வாங்கி ஆடினாள்.

கன்னியம்மா: இதைத் துவைப்பது யார்?

சார்: மெஷின். நான்தான் போட்டேன். சோப்புப் பவுடர் ரெண்டு கரண்டி, வெள்ளை வெளேரென்று வரட்டும் என்று பிளீச்சிங் கொஞ்சம்.

கன்னியம்மா: உங்கள் வீட்டம்மா பட்டுப்புடவையை மெஷினில் போடுவீர்களா?

சார்: அது பன்னிரண்டாயிரம்மா!

கன்னியம்மா: இது?

(விலையைச் சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. அவ்வளவு மெதுவாகச் சொன்னார்.)

கன்னியம்மா: அந்தப் பையில் இன்னும் என்ன இருக்கிறது? திறங்க.

(திறந்தார். ஜன்னலோரம் உட்கார்ந்து ராணிப்பேட்டைத் தோல் பட்டறைகளைத் தாண்டிப் போன மாதிரி ஒரு வாடை. ஈரத்தோடு சுருட்டிய வெள்ளைக் கால்சட்டை, அதற்கு அடியில் முகமூடி, முகமூடிக்குள் ஒரு சாக்ஸ். வலைக்கம்பியில் செம்பழுப்பாகத் துரு. வாளின் மேலும் அங்கங்கே அதே நிறம்.)

கன்னியம்மா: முகத்தில் மாட்டுகிறதை இப்படியா சார் மூடி வைப்பீர்கள்? வெளியே எடுத்துக் காற்றில் வைத்தால் பாதி வியாதி போய்விடும். வாளுக்கு எண்ணெய் போடுவதில்லையா? அரிவாள்மனைக்குக்கூட நான் போடுவேன்.

சார்: போட்டேனே. நல்லெண்ணெய். குளிக்கிற மாதிரி ஊற்றினேன். அதற்கும் திட்டு. உப்புத்தாளால் துருவைத் தேய்த்து எடுத்துவிட்டு மெல்லிசு எண்ணெயைத் துணியில் தொட்டு ஒரு இழுப்பு இழுத்து, அப்புறம் காய்ந்த துணியால் துடைத்துவிட வேண்டுமாம். நான் ஊற்றிய எண்ணெய் எதிராளிப் பெண் கோட்டிலெல்லாம் கோடு போட்டுவிட்டது.

கன்னியம்மா: இங்கே பையின் உள்பக்கம் ஊசி குத்தி ஒரு சீட்டு இருக்கிறதே. எனக்குச் சின்ன எழுத்துத் தெரியாது. படிங்க.

சார்: “அப்பா, வெள்ளிக் கோட்டை மெஷினில் போடாதே. வெதுவெதுப்பான தண்ணீரில் துளி சோப்பு விட்டு முக்கி அலசினால் போதும். முறுக்காதே. மடிக்காதே. ஹேங்கரில் நிழலில் தொங்கவிடு...”

கன்னியம்மா: நம் ஊரில் நிழலே வெயில் மாதிரிதான். மேலே படிங்க.

சார்: “இஸ்திரி வேண்டவே வேண்டாம்.” மூன்று ஆச்சரியக்குறி.

கன்னியம்மா: எப்போது எழுதியது?

சார்: தெரியவில்லையே. இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

கன்னியம்மா: ஊசி துருப்பிடித்திருக்கிறது சார்.

(இந்த இடத்தில் அவர் கொஞ்சம் அடங்குவார் என்று நினைத்தேன். இல்லை. பையின் மூலையில் கையை விட்டு ஒரு கையுறையை எடுத்துக் கன்னியம்மா முகத்துக்கு நேரே ஆட்டினார்.)

சார்: என்னை மட்டும் சொல்கிறாயே, அவள் பண்ணியதைப் பார். ஒன்றுதான் இருக்கிறது. இன்னொன்றைத் தொலைத்துவிட்டாள். முழு விலை கொடுத்து வாங்கியது! ஒரு வாரமாகத் திட்டுகிறேன். “கடையிலேயே ஒன்றுதான்ப்பா கொடுத்தார்கள்” என்று சாதிக்கிறாள். கையுறையை எவனாவது ஒற்றையாக விற்பானா?

கன்னியம்மா: வாள் எத்தனை?

சார்: ஒன்று.

கன்னியம்மா: ஒரு வாளைப் பிடிக்க எத்தனை கை வேண்டும்?

சார்: ...

கன்னியம்மா: எண்ணிப் பார்த்தே சொல்லுங்க. அவசரமில்லை.

சார்: கடைக்காரன் சொல்லியிருக்கலாம்.

கன்னியம்மா: பாப்பா சொன்னாளே.

(கையுறையை வாங்கி, மணிக்கட்டில் தைத்திருந்த சரிகையைத் தடவிப் பார்த்துவிட்டு, கரிபடிந்த தன் வலது கையை உள்ளே நுழைக்கப் பார்த்தார். கட்டைவிரல் ஒரு பக்கம், அதற்கான உறை ஒரு பக்கம் என்று முரண்டியது. இடது கைக்கு மாற்றினார். சிக்கென்று உட்கார்ந்தது.)

கன்னியம்மா: பாப்பா இடது கைக்காரியா சார்?

சார்: சேச்சே. எழுதுவது, சாப்பிடுவது எல்லாம் வலது கைதான்.

கன்னியம்மா: பழக்கிவிட்டது யார்?

சார்: அம்மா, எங்கள் அம்மா. சின்னதில் பீச்சாங்கையால் பென்சிலை எடுப்பாள். அம்மா கரண்டிக் காம்பால் கையில் ஒன்று வைப்பார்கள். ஒரு வருஷத்தில் சரியாகிவிட்டது.

கன்னியம்மா: நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

சார்: நான் ஆபீஸில் இருந்தேன்.

கன்னியம்மா: இப்போதும் அங்கேதான் சார் இருக்கிறீர்கள்.

(நான் என் சட்டைகளை எண்ணினேன். நாலுதான்.)

சார்: கோச் ஒரு நாள் என்னவோ சொன்னார். இடது கைக்காரி என்றால் எதிரே நிற்கிறவளுக்கு எல்லாம் மாறி வருமாம். வலது கையோடு மோதித்தான் பழக்கம் என்பதால் தடுமாறுவாளாம். “உங்கள் பொண்ணுக்கு அதுதான் சார் பலம்” என்றார். வேறே யார் பொண்ணையோ சொல்கிறார் என்று நினைத்தேன். சர்டிபிகேட்டில் இனிஷியல் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கன்னியம்மா: சரியாக இருந்ததா?

சார்: இருந்தது. என் இனிஷியல்தானே.

கன்னியம்மா: அடுத்தது எப்போது ஆடுகிறாள்?

சார்: ஞாயிற்றுக்கிழமை. அதற்குத்தான் கோட்டைத் தேய்க்கக் கொண்டு வந்தேன்.

கன்னியம்மா: எத்தனை நேரம் ஆடுவார்கள்? எங்கள் ஊர் கர்ணன் சண்டை ராத்திரி பத்து மணிக்கு எடுத்தால் விடியும்.

சார்: முதல் சுற்று என்றால் 5 பாயிண்ட். இழுத்துப் பிடித்தால் 3 நிமிஷம்.

கன்னியம்மா: மூணு நிமிஷமா! அதற்கா சார் உங்களுக்கு நேரம் இல்லை?

சார்: போகலாம்தான். ஆடுகிறவர்களைத் தவிர யாரையும் உள்ளே விடுவார்களோ என்னவோ.

கன்னியம்மா: அப்பாவுக்கு ஏதாவது கோட்டா இருக்கும் சார், கேட்டுப் பாருங்க.