ஊர் குரூப் நடத்துகிற அட்மின்களுக்கும், "எனக்கு வரல்ல" என்கிறவர்களுக்கும்

நம்ம குமரி மாவட்டத்தில் வாட்ஸ்அப் குரூப் இல்லாத தெரு இல்லை. சர்ச் பங்கு குரூப், கோயில் கமிட்டி குரூப், ரப்பர் விலை குரூப், தோவாளைப் பூ விலை குரூப், வள்ளக்காரங்க குரூப், பள்ளிக்கூடத்துப் பெற்றோர் குரூப். மரணச் செய்தியிலிருந்து பேச்சிப்பாறை அணையில் தண்ணீர் திறப்பது வரைக்கும் முதலில் வருவது அதில்தான். ஆனாலும் "மக்கா, எனக்கு ஒண்ணும் வரல்லயே" என்று யாராவது சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள். உடனே நெட்வொர்க்கைத் திட்டுகிறோம். கோளாறு பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. பாதி அந்த போனின் செட்டிங்ஸில் இருக்கிறது, மீதி நாம் குரூப் நடத்தும் லட்சணத்தில் இருக்கிறது. இரண்டாவதைத்தான் யாரும் பேசுவதில்லை.

முதலில் போன். குரூப்பே காணோம் என்றால், சாட் பட்டியலின் உச்சியில் 'ஆர்கைவ்டு' என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். கைதவறி ஆர்கைவ் ஆன, அதாவது பட்டியலிலிருந்து ஒதுக்கி வைக்கப்பட்ட குரூப், புது மெசேஜ் வந்தாலும் தானாக வெளியே வராது. உள்ளே போய் அழுத்திப் பிடித்து அன்ஆர்கைவ் செய்ய வேண்டும். குரூப் இருக்கிறது, சத்தம்தான் வரவில்லை என்றால் மியூட் ஆகியிருக்கும். மியூட்டில் 8 மணி நேரம், 1 வாரம், எப்போதும் என்று மூன்று இருக்கிறது. நம்ம ஆட்கள் எரிச்சலில் மூன்றாவதை அழுத்திவிட்டு மறந்துவிடுகிறார்கள்.

வாட்ஸ்அப்பைத் திறந்தால் மட்டும் மெசேஜ் கொத்தாக வந்து விழுகிறது என்றால், அது போனின் பேட்டரி சேமிப்பு வேலை. ரெட்மி, விவோ, ஓப்போ, ரியல்மி போன்களில் இது அதிகம். போன் செட்டிங்ஸ், ஆப்ஸ், வாட்ஸ்அப், பேட்டரி என்று போய் கட்டுப்பாடு இல்லை என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'ஆட்டோஸ்டார்ட்' என்று தனியாக இருந்தால் அதையும் ஆன் செய்யுங்கள். பேக்கிரவுண்ட் டேட்டா ஆஃபில் இருந்தாலும் இதே கதைதான். போனின் தேதி தப்பாக இருந்தாலும் வாட்ஸ்அப் இணையாது. பேட்டரி முழுக்க இறங்கி அணைந்துபோன பழைய போன்களில் இதைப் பார்க்கலாம். தேதியை ஆட்டோமேட்டிக்கில் வைத்தால் சரியாகிவிடும்.

கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளை, பளுகல், கொல்லங்கோடு பக்கத்துக்காரர்களுக்கு இன்னொன்று உண்டு. அங்கே போன் கேரளா டவரைப் பிடித்துக்கொள்ளும். சிக்னல் கம்பி பக்கத்தில் சின்னதாக 'ஆர்' எழுத்து தெரிந்தால் அது ரோமிங். டேட்டா ரோமிங் ஆஃபில் இருந்தால், நாலு கம்பி சிக்னல் காட்டினாலும் சில போன்களில் நெட் வராது. சிம் செட்டிங்ஸில் அதை ஆன் செய்யுங்கள். இப்போதைய பிளான்களில் பெரும்பாலும் இந்தியாவுக்குள் ரோமிங்குக்குத் தனிக் காசு கிடையாது. மெசேஜ் வருகிறது, போட்டோ மட்டும் மங்கலாக நிற்கிறது என்றால் அதற்கும் ரோமிங் காரணமாக இருக்கலாம். வாட்ஸ்அப்பின் ஆட்டோ டவுன்லோடில் ரோமிங்குக்குத் தனி வரி இருக்கிறது, அதில் சாதாரணமாக எதுவும் டிக் ஆகியிருக்காது. படத்தைத் தொட்டால் இறங்கும்.

அடுத்தது டிக். குரூப்பில் இரண்டாவது டிக் விழ வேண்டுமானால் அத்தனை பேர் போனுக்கும் மெசேஜ் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். இருநூறு பேரில் ஒருவர் போன் அணைந்து கிடந்தாலும் ஒற்றை டிக்தான். ஆகவே ஒற்றை டிக்கைப் பார்த்துப் போகவில்லை என்று நினைத்து மூன்று தடவை போடாதீர்கள். போட்ட மெசேஜை அழுத்திப் பிடித்து 'இன்ஃபோ' பார்த்தால் யார் படித்தார்கள், யாருக்குச் சேர்ந்தது என்று பெயரோடு தெரியும்.

இதில் கடலோரத்துக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. சேராத மெசேஜை வாட்ஸ்அப் சர்வர் 30 நாள்தான் வைத்திருக்கும், பிறகு அழித்துவிடும். தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை விசைப்படகுகள் ஆழ்கடலில் ஒரு மாதத்துக்கும் மேல் தங்குகிற ஊர்கள். இடையில் எந்தத் துறைமுகத்திலும் போன் நெட்டில் சேராவிட்டால், முதல் வாரத்தில் போட்ட செய்தி அவருக்கு வரவே வராது. முக்கியமானதை அவர் கரை சேர்ந்த பிறகு மறுபடியும் போட வேண்டும். புயல் எச்சரிக்கையை குரூப்பில் போட்டாயிற்று, சொல்லியாயிற்று என்று நிம்மதியாக இருக்கவே கூடாது. கரையை விட்டுத் தள்ளிப் போனால் போன் சிக்னல் கிடையாது, அங்கே வயர்லெஸ் செட், சாட்டிலைட் போன் போன்றவைதான் எட்டும். 2017 ஓகி புயலைப் பார்த்த ஊர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் குரூப்பை நம்பி மற்றதை விட்டுவிடும் பழக்கம் வளர்கிறது.

இனி குரூப் நடத்தும் விஷயம். ஒரு மரணச் செய்தி வருகிறது. பெயர், வீடு, நல்லடக்கம் எத்தனை மணிக்கு, எந்த ஆலயத்தில் என்று நாலு வரி. அதன் கீழே "ஆழ்ந்த இரங்கல்" எண்பது, கும்பிடும் கை நூறு. காலையில் குரூப்பைத் திறக்கிறவர் விரல் வலிக்க மேலே தள்ளினாலும் அந்த நாலு வரி கிடைப்பதில்லை, அடக்கத்துக்குப் போக முடியாமல் போகிறது. இரங்கல் சொல்வது நல்ல மனசு, தவறே இல்லை. மெசேஜை அழுத்திப் பிடித்து அந்தக் கும்பிடும் கையை அதன் மேலேயே வையுங்கள். புது மெசேஜாக விழாது, செய்தியைக் கீழே தள்ளாது. அட்மின் அந்தச் செய்தியை 24 மணி நேரத்துக்கு 'பின்' (மேலே குத்தி வைப்பது) செய்து வைத்தால் குரூப்பைத் திறந்ததும் உச்சியிலேயே நிற்கும். 'பின்' செய்ய 24 மணி நேரம், 7 நாள், 30 நாள் என்று அளவு உண்டு. குடிதண்ணீர் வரும் நாள் அட்டவணைக்கு 30 நாள் வையுங்கள்.

அடுத்தது 'இன்று' என்ற சொல். "இன்று மாலை தண்ணீர் திறக்கப்படும்" என்று ஒருவர் போட்டது, ஃபார்வேர்டு ஆகும்போது முதலில் போட்ட தேதியைக் காட்டாது, ஃபார்வேர்டு ஆன நேரத்தைத்தான் காட்டும். போன வருஷத்து 'இன்று' இந்த வருஷத்து இன்றாக வந்து நிற்கும். மழைக்காலத்தில் பழைய கேரளா அணை வீடியோ பேச்சிப்பாறை என்றும் பெருஞ்சாணி என்றும் சுற்றுவது இப்படித்தான். எழுதும்போதே "12.11.2025 புதன், மாலை 5 மணி, இந்த ஆற்றங்கரை, சொன்னது இந்த அலுவலகம்" என்று எழுதுங்கள். வாய்ஸ் மெசேஜ் போட்டாலும் தேதியை வாயால் சொல்லித் தொடங்குங்கள். இரட்டை அம்புக்குறியோடு 'பலமுறை ஃபார்வேர்டு ஆனது' என்று வந்தால், ஐந்து கை தாண்டி வந்தது என்று அர்த்தம். அதை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும். அந்தத் தடையே ஒரு எச்சரிக்கை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லா ஊருக்கும் இரண்டு குரூப் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒன்று பேசுவதற்கு, ஒன்று அறிவிப்புக்கு மட்டும். அறிவிப்பு குரூப்பில் குரூப் இன்ஃபோ, குரூப் பெர்மிஷன்ஸ் போய் உறுப்பினர் மெசேஜ் அனுப்புவதை ஆஃப் செய்தால் அட்மின் மட்டுமே போட முடியும். குட்மார்னிங் படம் அங்கே நுழையாது, யாருக்கும் அதை மியூட் செய்யத் தோன்றாது. ஒரு குரூப்பில் 1024 பேர் வரை சேர்க்கலாம், ஒரு ஊருக்குத் தாராளம். சேருகிற லிங்க்கை வெளியே போட்டிருந்தால் 'அப்ரூவ் நியூ மெம்பர்ஸ்' ஆன் செய்யுங்கள். லிங்க் கண்டவர் கைக்குப் போய்விட்டால் ரீசெட் செய்துவிடலாம், பழையது செல்லாது.

அட்மின் குறைந்தது மூன்று பேர் இருக்கட்டும். ஒரே அட்மின் கல்ஃப் போய் அங்கத்திய நம்பருக்குப் புதுக் கணக்குத் தொடங்கி, பழையதை அப்படியே போட்டுவிட்டால் அந்த குரூப்பிலிருந்து வேண்டாத ஆளை நீக்கக்கூட முடியாது. நம்பர் மாறுகிறவர்கள் செட்டிங்ஸ், அக்கவுண்ட், சேஞ்ச் நம்பர் வழியாக மாற்றினால் எல்லா குரூப்பும் கூடவே வரும். யாரோ போட்டதற்கு நம்ம தலை உருளுமோ என்று அட்மின் ஆகப் பயப்படுகிறவர்களுக்கு: அட்மினாக இருப்பது மட்டுமே குற்றமாகாது என்ற நிலைப்பாட்டை 2021 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையும், 2022 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றமும் எடுத்திருக்கின்றன.

நோட்டீஸை போட்டோவாகப் போட்டால் எழுத்து மங்கும். டாக்குமெண்டாக அனுப்புங்கள். போன் நிறைந்துபோனால் செட்டிங்ஸ், ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, மேனேஜ் ஸ்டோரேஜ் போய் 5 எம்பிக்கு மேற்பட்டவற்றை முதலில் அழியுங்கள்.

கடைசியாக, அவசரமானது. கல்யாண அழைப்பிதழ், வண்டி அபராதம் என்ற பெயரில் முடிவில் '.ஏபிகே' (apk, போனில் புது ஆப்பை ஏற்றும் ஃபைல்) என்று ஒரு ஃபைல் வந்தால் தொடாதீர்கள், சொந்த மாமா நம்பரிலிருந்து வந்தாலும். அவர் வாட்ஸ்அப் கணக்கே திருடன் கைக்குப் போயிருக்கும். அட்மின் அதை உடனே எல்லோருக்கும் அழித்து, அந்த நம்பரைத் தற்காலிகமாக நீக்க வேண்டும். "தெரியாமல் உனக்கு ஒரு 6 இலக்க நம்பர் வந்திருக்கும், அனுப்பு" என்று யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. கொடுத்து, கணக்கு கைவிட்டுப் போய்விட்டால் உங்கள் நம்பரை வைத்து வாட்ஸ்அப்பை மறுபடி பதிவு செய்யுங்கள். எஸ்எம்எஸ்ஸில் வரும் கோடைப் போட்டதும் திருடன் வெளியே போய்விடுவான். அவன் அதில் ரகசியப் பின் நம்பர் (PIN) வைத்திருந்தால் அது இல்லாமல் உள்ளே போக 7 நாள் ஆகும், ஆனால் அதற்குள்ளும் அவனால் உங்கள் கணக்கைப் பயன்படுத்த முடியாது. உள்ளே போனதும் 'லிங்க்டு டிவைசஸ்' திறந்து தெரியாத கருவி எல்லாவற்றையும் லாக்அவுட் செய்யுங்கள், 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனில்' உங்கள் சொந்தப் பின் வையுங்கள். பணம் போயிருந்தால் நேரம் கடத்தாமல் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிடுங்கள்.